ஐந்தாம் அறையில் ஒரு நாற்றப்பூச்சி

வீடு தேடி வந்த கூமிடம் முடியாது என்று சொல்லக் கூடாது. செர்பியாவின் கிகிந்தா ஊரில் தொட்டில் குழந்தைக்கும் இது தெரியும்; அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானத்தில் பெயர் வைத்தவரே கூம்தானே. கல்யாணத்தில் மாப்பிள்ளை பக்கத்தில் மெழுகுவத்தி பிடித்து நிற்பவரும் அவரே. இரத்த உறவு கிடையாது, ஆனால் இரத்த உறவுக்கு இரண்டு படி மேல். அண்ணன் தம்பியோடு சண்டை போடலாம், கோர்ட்டுக்குக்கூடப் போகலாம். கூமிடம் முகம் சுளித்தால் ஊரே முகம் சுளிக்கும்.

திஹோமிரின் கல்யாணத்தில் மெழுகுவத்தி பிடித்தவர் போரா. அந்தக் கல்யாணம் பதினோரு வருஷம் ஓடியது. பிறகு மனைவி வியன்னாவுக்குப் போய்விட்டாள். கூம் போகவில்லை. விவாகரத்துத் தீர்ப்பை திஹோமிர் இரண்டு தடவை வரி வரியாகப் படித்துப் பார்த்தார். சோபா யாருக்கு, தையல் மெஷின் யாருக்கு என்றெல்லாம் இருந்தது. கூம் யாருக்கு என்று இல்லை. ஆகவே அவர் திஹோமிருக்கே மிஞ்சினார்.

போரா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில்கள் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்தியதும் விமானங்கள் பக்கம் முழுமூச்சாகத் திரும்பினார். பொம்மை விமானம் என்று அவர் காதில் விழும்படிச் சொல்லக் கூடாது. மாடல் என்று சொல்ல வேண்டும். தீப்பெட்டி கனம்கூட இல்லாத பால்சா மரத்தை விலா விலாவாக நறுக்கி, ஒட்டி, தேய்த்து, ஒரு குளிர்காலம் முழுக்க ஓர் இறக்கை கட்டுவார். அவர் கட்டினால் கணக்குப் பிசகாது. ஆனால் அந்த எலும்புக்கூட்டுக்கு மேல் தோல் போர்த்துவது மட்டும் அவருக்கு வராது. சூடு பட்டால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் படலம் அது. பொறுமை இல்லாதவர்களை அதற்குப் பிடிக்காது. ஒரே ஒரு தடவை அவரே போர்த்திப் பார்த்தார். இறக்கை, காய்ந்த கொடிமுந்திரி மாதிரி ஆயிற்று.

அன்றிலிருந்து முப்பத்தொரு வருஷமாக போரா பறக்கவிடுகிறார், திஹோமிர் போர்த்துகிறார். திஹோமிர் பல்செட் செய்கிறவர். ஊரில் பாதிப் பேர் அவர் கைவண்ணத்தில்தான் சிரிக்கிறார்கள். மெழுகும் சூடும் அவர் விரலுக்குப் பழகியவை. முடியாது என்ற சொல்தான் நாக்குக்குப் பழகவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டபோது, அவர் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, கண்ணாடி முன்னால் நின்று நரைத்த புருவத்தில் ஒரு முடியைப் பிடுங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். பதினொன்று இருபது பஸ்ஸுக்கு நோவி சாத் போக வேண்டும். அங்கே ஸ்மில்யா இருந்தாள்.

படலம் விற்கும் கடையில் வேலை பார்ப்பவள். ஆறு வருஷமாக போராவுக்கு வேண்டிய சுருள்களை திஹோமிர் அவளிடம்தான் வாங்குகிறார். போன வசந்தத்தில் ஒரு நாள், "இவ்வளவு வாங்கறீங்களே, நீங்க எப்போ பறக்க விடுவீங்க?" என்று கேட்டாள். "நான் போர்த்தறதோட சரி" என்றார். அவள் சிரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தாள். அன்றைக்கு கூம் வந்துவிட்டார். இரண்டாம் முறை அழைத்தாள். அன்றைக்கும் கூம். மூன்றாம் முறை போனில் சொன்னாள்: "சனிக்கிழமை ரெண்டு மணி. வந்தா வாங்க. வரலைன்னா இனிமே உங்க கூமே உங்களுக்குச் சமைச்சுப் போடட்டும்." குரலில் கோபம் இல்லை. அதுதான் திஹோமிருக்குக் கிலியாக இருந்தது.

கதவைத் திறந்தார். போரா, கழுத்தில் மப்ளர், கையில் ஆரஞ்சு நிறச் சுருள்.

"என்ன கூமே, எனக்காக இஸ்திரி சட்டையா? இதெல்லாம் எதுக்குப்பா!"

"நேத்து சாயங்காலம் வர்றேன்னு சொன்னியே."

"நேத்து பன்றி வாங்கறதுக்குப் பார்க்கப் போயிட்டேன். விடு. நாளைக்குப் போட்டி, இன்னைக்கு மேல்பக்கம் போர்த்திட்டா முடிஞ்சுது. ரெண்டு மணி நேர வேலை."

எனக்கு வேலை இருக்கிறது என்று திஹோமிர் வாயைத் திறந்தார். "காபி போடட்டுமா?" என்று வந்தது.

மனக்கணக்கு போட்டார். எட்டும் இரண்டும் பத்து. பஸ் நிலையம் கால் மணி நடை. பதினொன்றுக்குக் கிளம்பினால் போதும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. கொலைக்களத்துக்குப் போகிற ஆடும் ஏதாவது ஒரு கணக்கு போட்டுக்கொண்டுதான் போகும்.

சமையலறை இரண்டரை மீட்டர் அகலம். இறக்கை இரண்டு மீட்டர் இருபது. கழற்றி வைத்த பழைய கதவு ஒன்றை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை குறுக்கே போட்டு, அதன் மேல் இறக்கையைக் கிடத்தினால்தான் வேலை நடக்கும். பிளக் ஜன்னல் பக்கம் இருந்ததால் திஹோமிர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். வாசல் பக்கம் போரா ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பலகைக்குக் கீழே, அக்கா அனுப்பிய மிளகாய் விழுது ஜாடிகள் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக, பனிக்காலம் வரும் என்று நிமிர்ந்து நின்றன.

"ஜன்னலைச் சாத்து கூமே."

"கொஞ்சம் திறந்திருக்கட்டுமே. உள்ளே வேகுது."

"கதவு திறந்திருக்கு, ஜன்னலும் திறந்திருக்கு. குறுக்குக் காத்து! என் கழுத்து போயிரும். படலமும் பறக்கும்."

படலம் பறக்கும் என்பது உண்மை. கழுத்து விஷயத்தில் இந்த நாட்டில் யாரும் யாரோடும் வாதாடுவதில்லை. குறுக்குக் காற்றுப் பட்டுச் செத்தவர்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது உண்டு. திஹோமிர் ஜன்னலைச் சாத்தினார். போரா, சந்தேகத்துக்கு இடம் வைக்க வேண்டாம் என்று, கதவையும் சாத்தினார்.

கீழ்ப்பக்கம் வியாழனன்றே போர்த்தி முடித்து, இறக்கையை அலமாரி மேல் வைத்திருந்தார் திஹோமிர். இப்போது மேல்பக்கம். படலத்தை அளந்து வெட்டி, அதன் முதுகுத்தாளை உரித்தார். இரண்டும் கண்ணாடி மாதிரி மெலிசு, எது தாள் எது படலம் என்று தெரியாது. மூலையில் இந்தப் பக்கம் ஒரு துண்டு டேப், அந்தப் பக்கம் ஒரு துண்டு டேப் ஒட்டி, இரண்டையும் எதிரெதிராக இழுத்தால் பிரிந்து வரும். உள்ளங்கை அளவு இஸ்திரிப் பெட்டிக்குத் துணியுறை மாட்டி, முதலில் நடுவில், பிறகு முனையில், பிறகு முன்விளிம்பில், பின்விளிம்பில் என்று ஒட்டவைத்துக்கொண்டே போனார். வேலை என்று வந்துவிட்டால் அவர் கைக்கு பஸ் நினைவு இருப்பதில்லை. அதுவும் ஒரு சாபம்.

"மெதுவா, மெதுவா. அவசரப்படாதே" என்றார் போரா. அவசரப்படத் தெரியாத ஆளிடம் முப்பத்தொரு வருஷமாகச் சொல்லும் அறிவுரை அது.

"நீ ஏன் கூமே ஒளி ஊடுருவற நிறமா எடுத்தே? கெட்டி சிவப்பு எடுத்திருந்தா ஒட்டறது சுலபம்."

"கெட்டியாப் போட்டா என் விலாவெல்லாம் யாருக்குத் தெரியும்? நாற்பத்திரண்டு விலா! மேல வெயில் பட்டா ஒவ்வொண்ணும் தெரியணும். கீழ நிக்கறவன் எண்ணணும்."

பத்தேகாலுக்கு விளிம்புகள் முடிந்தன. இனி சுடுகாற்றுத் துப்பாக்கி. சுருங்காத படலம் தொளதொளவென்று கிடக்கும். சூடு காட்டக் காட்ட, தூங்கி எழுந்த பூனை முதுகை நீட்டுவது போல இறுகிக்கொண்டே வரும். இரண்டு விலாக்களுக்கு நடுவே உள்ள இடத்தை அறை என்பார்கள். முதல் அறை, இரண்டாம் அறை, மூன்று, நான்கு. சுருக்கம் ஒவ்வொன்றாக மறைந்தது. ஐந்தாம் அறைக்குத் துப்பாக்கியைத் திருப்பியபோது உள்ளே ஏதோ நடந்தது.

நடந்தது என்றால் நிஜமாகவே கால் வைத்து நடந்தது.

திஹோமிர் துப்பாக்கியை அணைத்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். ஆரஞ்சு வெளிச்சத்தில், பழுப்புக் கேடயம் போன்ற முதுகோடு, ஒரு நாற்றப்பூச்சி. இலையுதிர் காலம் வந்துவிட்டால் ஊரில் திரைச்சீலை மடிப்பு, செருப்பு, சர்ச் மணி என்று எங்கும் இவைதான். ஜன்னல் இடுக்கு வழியாக வந்து, இருட்டான இடம் பார்த்துக் குளிர்காலத்துக்குப் படுத்துவிடும். அலமாரி மேல் பாதி போர்த்திய இறக்கையைவிட நல்ல இடம் அதற்கு எங்கே கிடைக்கும்? இப்போது கீழேயும் படலம், மேலேயும் படலம், இரண்டு பக்கமும் போராவின் கணக்குப் பிசகாத விலா. சூட்டில் காற்று உப்பிவிடாமல் இருக்க ஒவ்வொரு விலாவிலும் ஒரு ஓட்டை உண்டு, தீக்குச்சி நுழையலாம். பூச்சி ஒவ்வொன்றாகப் போய்த் தலையை விட்டுப் பார்த்தது. தோள் இடித்தது. திரும்பி நடந்தது.

"என்ன நிறுத்திட்டே?"

"உள்ளே ஆள் இருக்கு."

போரா எழுந்து வந்து பார்த்தார். மப்ளரை இறுக்கிக்கொண்டார். பிறகு, "அடி. சூடு அடி. ஒரு நிமிஷத்துல முடிஞ்சிரும்" என்றார்.

"கூமே, உயிரோட இருக்கு."

"நாற்றப்பூச்சிய்யா! பட்டாம்பூச்சி இல்லை. நேத்து என் பொண்டாட்டி வேக்குவம் கிளீனர் போட்டு இருநூறு உறிஞ்சினா."

"வறுத்தா உள்ளேயே கிடக்கும். வெயில் பட்டா அதுவும் தெரியும். கீழ நிக்கறவன் நாற்பத்திரண்டு விலாவையும் எண்ணிட்டு, ஒரு பூச்சின்னும் எண்ணுவான்."

போரா யோசித்தார். அது அவருக்குக் கொஞ்சம் உறைத்தது. ஆனால் இன்னொன்றும் உறைத்தது. "வெட்டினா ஒட்டுப் போடணுமே. படலத்து மேல படலம் ஏறினா, அந்த இடம் மட்டும் கருத்துத் தெரியும். பறக்கறதுக்கு முன்னாடியே ஒட்டுப் போட்ட இறக்கையா? போட்டிக்கு வர்ற அந்த செந்தா ஊர் கோஷ்டி என்ன சொல்லும்? கல்யாணத்துக்கு முன்னாலேயே தொட்டில் வாங்கின பொண்ணைப் பார்க்கற மாதிரி பார்ப்பாங்க. பூச்சி அங்கயே சாகட்டும், மூலைப்பக்கம் தள்ளி விட்டுச் சுடு. அடி கூமே."

திஹோமிர் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். பூச்சி சரியாக நடுவில் வந்து நின்று, இரண்டு மீசையையும் அசைத்தது. யாரையும் குறை சொல்லவில்லை. எப்படி உள்ளே வந்தோம் என்றே அதற்குப் புரிந்திருக்காது. கதகதப்பாக இருந்தது, வந்தது. யாரோ வந்து மேல்பக்கத்தை மூடினார்கள். திஹோமிர் சுற்றிப் பார்த்தார். சாத்திய ஜன்னல், சாத்திய கதவு, குறுக்கே பலகை, கீழே மிளகாய் ஜாடி. தானும் ஏதோ ஒரு மெழுகுவத்தியின் கதகதப்பில் நுழைந்தவர்தான். சுவர்க் கடிகாரம் பத்து முப்பத்தைந்து.

"முடியாது" என்றார்.

முதலில் யார் சொன்னது என்று இருவருக்கும் தெரியவில்லை. போரா கதவைக்கூட ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"என்னது?"

"முடியாது கூமே. நான் சுடமாட்டேன்."

தனக்காக முப்பத்தொரு வருஷம் வராத சொல், ஒரு நாற்றப்பூச்சிக்காக வந்துவிட்டது. நியாயமாகப் பார்த்தால் வெட்கப்பட வேண்டிய விஷயம். ஆனால் சொல்லிப் பார்த்தபோது அது அவ்வளவு கனமாக இல்லை. பால்சா மாதிரிதான் இருந்தது. அவர் பிளேடை எடுத்து ஐந்தாம் அறையின் மூன்று பக்கமும் கீறி, படலத்தை ஜன்னல் கதவு போலத் தூக்கினார்.

பூச்சி வெளியே வரவில்லை.

"பாரு! பாரு! அதுக்கு அங்கதான் பிடிச்சிருக்கு!" என்று போரா கைகொட்டினார். "விடுதலை குடுத்தா வேணாங்குது!"

திஹோமிர் ஊதினார். பூச்சி மூலைக்குப் போனது. டூத்பிக் காட்டினார். எதிர் மூலைக்குப் போனது. தொட்டால் நாற்றமடிக்கும், நாற்றம் மரத்தில் ஏறினால் இறக்கை ஒரு பருவம் முழுக்கக் கொத்தமல்லியும் பழைய சாக்ஸும் சேர்ந்து அழுகிய வாசனை வீசும். எட்டு நிமிஷம் இரண்டு கிழவர்கள் ஒரு பூச்சியைக் கெஞ்சினார்கள். கடைசியில் அது தானாகவே விலாவின் மேல் ஏறி, உட்கார்ந்து, யோசித்து, பாரம் ஏற்றிய டிராக்டர் சத்தத்தோடு பறந்து எங்கோ போனது. எங்கே என்று பார்க்க இருவருக்கும் நேரமில்லை.

ஒட்டு போட்டார். விளிம்பில் நூல் அகலம் மேலே ஏறுமாறு வெட்டி, இஸ்திரி வைத்து இறுக்கினார். கருத்துத்தான் தெரிந்தது. போரா பெருமூச்சு விட்டார். மீதி அறைகளுக்கும் சூடு காட்டி முடித்தபோது பத்து ஐம்பத்தைந்து. இன்னும் ஒன்று பாக்கி. இறக்கையின் இரண்டு முனையையும் இம்மியளவு முறுக்கிப் பிடித்து, அப்படியே சூடு காட்டி, ஆறும் வரை விடாமல் பிடிக்க வேண்டும். அந்த முறுக்கு இருந்தால்தான் மாடல் மெதுவாகப் பறக்கும்போது தலைகுப்புற விழாது. இதற்கு இரண்டு ஆள் வேண்டும்: ஒருவர் பிடிக்க, ஒருவர் சுட.

வலது முனை முடிந்தது. இடது முனையை போரா பிடித்தார்.

"பிடிச்சியா?"

"பிடிச்சேன்."

"ஆடாதே." திஹோமிர் மேலும் கீழும் சூடு காட்டினார். படலம் முறுக்கிய நிலையிலேயே இறுகியது. துப்பாக்கியை அணைத்து வைத்தார். பிறகு, அதே குரலில், "நான் கிளம்பறேன் கூமே. நோவி சாத் போறேன். ஒரு பெண்மணி சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க" என்றார்.

போராவின் இரண்டு கையும் இறக்கையில் இருந்தன. விட்டால் முறுக்கு போய்விடும்.

"இப்பவா? மதியம் வால்ல சுக்கான் மாட்டணும், எடை பார்க்கணும்..."

"நீயே பாரு."

"முப்பத்தொரு வருஷத்துல ஒரு நாள்கூட நீ இப்படி..."

"ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. அது என் தப்பு."

திஹோமிர் முழங்காலிட்டு ஜாடிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். இஸ்திரி போட்ட சட்டையோடு பலகைக்கு அடியில் நுழைந்தார். மேலே இறக்கை, இரு பக்கமும் மிளகாய் விழுது. பாதி வழியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. நல்லவேளை, கடிகாரம் அங்கிருந்து தெரியவில்லை.

"மாட்டிக்கிட்டியா?" மேலிருந்து குரல்.

"இல்லை. ஓய்வெடுக்கறேன்."

"பேரு என்ன?"

"ஸ்மில்யா."

"நல்லா சமைப்பாளா?"

"இன்னும் தெரியாது. ரெண்டு தடவையும் நீ வந்துட்டே."

திஹோமிர் வாசல் பக்கம் தலையை நீட்டி, எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டு, ஆணியில் தொங்கிய நல்ல ஜாக்கெட்டை மாட்டினார். போரா முறுக்கிய முனையைப் பிடித்தபடி, திரும்ப முடியாமல், சுவரைப் பார்த்து நின்றார். காது மட்டும் சிவந்திருந்தது.

"ஏன்யா எங்கிட்டச் சொல்லலை?" என்றார் சுவரிடம். "நான் என்ன புலியா?"

"புலியா இருந்தா சொல்லியிருப்பேன். நீ கூம்."

"போ. போய்த் தொலை. கழுத்துப் பட்டனைப் போட்டுக்கோ, வெளியில காத்து." பிறகு, "எவ்வளவு நேரம் பிடிக்கணும்?"

"ஆறும் வரைக்கும்" என்றார் திஹோமிர். கதவைத் தனக்குப் பின்னால் இழுத்துச் சாத்தினார், குறுக்குக் காற்று வராதபடி.

பஸ்ஸை, டிரைவர் கடைசி இழுப்பு இழுத்து சிகரெட்டைக் கீழே போட்டபோது பிடித்தார். ஜன்னலோர இருக்கை. மூச்சு வாங்க உட்கார்ந்து, கைக்குட்டைக்காக ஜாக்கெட் பைக்குள் கை விட்டார். விரலில் ஏதோ கரடுமுரடாக நெருடியது. அமுங்கியது.

ஐந்தாம் அறையின் ஆள் எங்கே போனது என்று தெரிந்துவிட்டது.

வாசனை முதலில் அவருக்கும், பிறகு பக்கத்து இருக்கைக்கும், மெல்ல நான்கு வரிசைக்கும் பரவியது. திஹோமிர் ஜன்னல் கைப்பிடியை இழுத்தார்.

"ஐயையோ, யாரு ஜன்னலைத் திறக்கறது? கூரை மூடி திறந்திருக்கு, குறுக்குக் காத்து!" என்று முன்னால் ஓர் அம்மா. "என் சிறுநீரகம்!" என்று பின்னால் ஒருவர். திஹோமிர் மூடினார். மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நோவி சாத் வர இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம். இருந்த ஒரே நல்ல ஜாக்கெட் இது. கழற்றினால் சட்டை முழங்கையெல்லாம் ஜாடியில் ஒழுகியிருந்த மிளகாய் விழுது. பூச்சி பையின் ஓரத்தில் ஏறி, ஒரு கால் நொண்டினாலும் உயிரோடு, ஜன்னல் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டு வெளியே பார்த்தது. அதற்கும் திறக்கவில்லை.

போன் அடித்தது. ஸ்மில்யா அனுப்பிய செய்தி: "பஸ்ஸிலா, இறக்கையிலா?"

பஸ்ஸில் என்று அடித்தார். கொஞ்சம் யோசித்து, "என் மேல அடிக்கற வாசனையைப் பார்த்துப் பயப்படாதீங்க" என்றும் சேர்த்தார். அனுப்பிவிட்டார்.

மறுபடி அடித்தது. இந்த முறை அழைப்பு.

"கூமே" என்றார் போரா, எங்கோ தூரத்திலிருந்து பேசுவது போல. "கை எடுக்க முடியலை, மூக்காலயே நம்பரை அமுக்கிப் போன் போட்டேன். நாற்பது நிமிஷம் ஆச்சு. தோள் விட்டுப் போச்சு. விடலாமா?"

அந்தப் படலம் இரண்டு நிமிஷத்தில் ஆறிவிடும். திஹோமிர் ஜன்னலில் தன் முகத்தையும், அதன் மூக்கருகில் உட்கார்ந்திருந்த பூச்சியையும் பார்த்தார். இன்னும் ஒரு பத்து நிமிஷம் பிடி என்று சொல்ல நாக்கு துடித்தது.

"விடு கூமே" என்றார். "ஆறிடுச்சு."

மறுமுனையில் நீண்ட முனகல். பிறகு, "ஒட்டு கருப்பாத்தான் தெரியுது. நாளைக்கு யாராவது கேட்டா என்னன்னு சொல்ல?"

"ஜன்னல்னு சொல்லு" என்றார் திஹோமிர்.